நாணய நிகழ்பட ஆட்டக்கூடம்

நாணய நிகழ்பட ஆட்டக்கூடம் என்பது காசு, வில்லை அல்லது கட்டண அட்டையைக் கொண்டு இயங்கும் நிகழ்பட ஆட்டப் பொறிகளைப் பொதுமக்கள் ஆடுவதற்கென வைத்து நடத்தப்படும் இடமாகும். பேச்சு வழக்கில் இது வீடியோ கேம் கடை, வீடியோ கேம் பார்லர் எனவும், ஆங்கில வழக்கையொட்டி ஆர்கேடு எனவும் வழங்கப்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இவ்வகைக் கூடங்கள் 1980களில் ஜப்பானில் பெருந்தொழிலாக வளர்ந்தன. தமிழ்நாட்டு நகரங்களில் 1990களில் பரவலாகக் காணப்பட்டுப் பின்னர் பெரும்பாலும் மறைந்தன. இவை மீண்டும் மக்களிடையே செல்வாக்குப் பெறுமா என்பது கேளிக்கைத் தொழில் செய்வோரும் பழைய பொறிகளைத் திரட்டுவோரும் தொடர்ந்து எழுப்பும் கேள்வியாகும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இக்கேள்விக்கான விடை பெருநகர வணிக வளாகங்களில் ஒருவிதமாகவும், தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் போன்ற பருவகாலச் சுற்றுலா ஊர்களில் வேறுவிதமாகவும் அமைகிறது.

பெயர்

ஆர்கேடு என்ற சொல் வளைவுகள் தாங்கிய நீண்ட நடைகூடத்தைக் குறிப்பது. ஐரோப்பிய நகரங்களில் அத்தகைய நடைகூடங்களின் ஓரமாகக் கடைகள் அமைந்திருந்தன. சிறு காசு போட்டு இயக்கும் வேடிக்கைப் பொறிகள் நிறைந்த கடைகள் பென்னி ஆர்கேடு எனப் பெயர் பெற்றன. தமிழ்நாட்டில் இச்சொல் பெயர்ப்பலகைகளில் வணிக வளாகம் என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. எனவே நகை மாளிகையும் துணிக்கடையும் உள்ள கட்டடத்தை ஆர்கேடு என்று அழைக்கும் மக்கள், ஆட்டக்கூடத்தை வீடியோ கேம் கடை என்றே அழைத்தனர்.

முன்னோடிகள்

காசு போட்டால் வேடிக்கை காட்டும் பொறி தமிழர்க்கு நிகழ்பட ஆட்டத்துடன் அறிமுகமானதன்று. தொடர்வண்டி நிலையங்களில் நின்ற எடை காட்டும் பொறி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஏறி நின்று காசு போட்டவுடன் வண்ண விளக்குகள் மின்னும், சக்கரங்கள் சுழலும், இறுதியில் ஒரு தடித்த சிறு அட்டை வந்து விழும். அட்டையில் எடையுடன் குறி சொல்லும் வாசகமும் அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் திரை நடிகர்களின் படங்களும் இருந்தன. எடை அறிவது பாதி என்றால், அட்டையில் என்ன வருமோ என்ற ஆவல் மறுபாதி. திருவிழாக்களில் சிறு கட்டணத்திற்குக் கண் வைத்துப் பார்க்கச் செய்த பயாஸ்கோப்புப் பெட்டியும், பொருட்காட்சிகளில் இன்றும் காணப்படும் பலூன் சுடுதல், வளையம் எறிதல் ஆகியனவும் இவ்வரிசையிலேயே அடங்கும்.

மேலைநாடுகளில் பின்பால் எனப்படும் குண்டு ஆட்டப் பொறியே நேரடி முன்னோடி ஆகும். அது திறன் ஆட்டமா, சூதாட்டமா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. நியூயார்க்கு நகர மேயர் லா கார்டியா 1942இல் பின்பாலைத் தடை செய்து, கைப்பற்றிய பொறிகளை உடைக்கச் செய்தார். 1976இல் ரோசர் சார்ப் என்பவர் நகர மன்றத்தின் குழு முன்னிலையில் குண்டு எந்த வழியில் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி ஆடிக் காட்டிய பின்னரே அத்தடை நீங்கியது. திறனா, நற்பேறா என்ற இதே கேள்வி இந்திய நீதிமன்றங்களிலும் பின்னர் எழுந்தது.

வரலாறு

காசு போட்டு ஆடும் முதல் நிகழ்பட ஆட்டங்கள் 1971இல் வெளிவந்தன. ஒன்று இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட கேலக்சி கேம். மற்றொன்று நோலன் புசுனெல், டெட் டாப்னி ஆகியோர் உருவாக்கிய கம்ப்யூட்டர் ஸ்பேஸ். அவ்விருவரும் 1972இல் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் அல்கார்ன் வடிவமைத்த பாங் என்னும் ஆட்டம் அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரிலுள்ள ஒரு மதுக்கூடத்தில் சோதனைக்காக வைக்கப்பட்டது. சில நாட்களில் பொறி நின்றுவிட்டதாகச் செய்தி வர, சென்று திறந்து பார்த்தபோது காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததே காரணம் எனத் தெரிந்ததாம்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காகத் தொமோகிரோ நிசிக்காடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இத்தொழிலை உலகளாவியதாக்கியது. திரையில் எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவை விரைவாக நகர்வது இவ்வாட்டத்தின் சிறப்பு. வரைய வேண்டிய உருவங்கள் குறைவதால் செயலி விரைந்து இயங்கியதன் விளைவு அது; பின்னர் அதுவே ஆட்டத்தின் உயிராயிற்று. இவ்வாட்டத்தால் ஜப்பானில் 100 யென் நாணயத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. சுவையான கதையே ஆயினும் சான்றற்றது. 1980இல் நாம்கோவின் பேக்-மேன், 1981இல் நின்டெண்டோவின் டாங்கி காங் ஆகியன வெளிவந்தன. 1983இல் அமெரிக்க வீட்டு நிகழ்பட ஆட்டச் சந்தை சரிந்தது, கூடங்களும் தளர்ந்தன. 1991இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் II ஆட்டமே அவற்றிற்கு இரண்டாவது உயிர் அளித்தது. எந்திரத்தோடு மோதிய ஆட்டக்காரன் இப்போது அருகில் நிற்கும் முன்பின் அறியாத இன்னொருவனோடு மோதினான். 1998இல் கோனாமி வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூசன், கைகளுக்குப் பதில் கால்களால் ஆடும் பொறி. இது ஆடுபவரைப் போலவே சூழ்ந்து நிற்போரையும் மகிழ்விப்பது.

எனவே ஆட்டக்கூடம் ஒருமுறை மட்டும் வாழ்ந்து மறைந்த ஒன்றன்று. குறைந்தது இருமுறை வீழ்ந்து எழுந்துள்ளது. ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய இயலாத ஒன்றைக் கூடம் அளித்ததே எழுச்சிக்குக் காரணமாயிற்று.

தமிழ்நாட்டில்

1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன் இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. ஆதலால் இங்கு வந்த பொறிகள் குறைவு. அவற்றுட் பல பழையவை அல்லது வெளிநாட்டு மின்சுற்றுப் பலகையை உள்ளூர்த் தச்சர் செய்த மரப்பெட்டியில் பொருத்தியவை. 1990களில் பேருந்து நிலையங்களை அடுத்த தெருக்களிலும் திரையரங்குகளின் அருகிலும் மூன்று நான்கு பெட்டிகள் கொண்ட சிறு கடைகள் தோன்றின. மேலைநாட்டு ஆட்டக்கூடங்களின் அகன்ற தளமோ அலங்காரமோ இவற்றிற்கு இல்லை. இருட்டான ஓர் அறை, ஒரு மின்விசிறி, கல்லாவில் வில்லை விற்கும் ஒருவர் என்பதே அமைப்பு.

இக்கடைகளில் பெரும்புகழ் பெற்ற ஆட்டம் காப்காம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனசோர்ஸ். மார்க் சூல்ட்சு வரைந்த ஜெனோசோயிக் டேல்ஸ் என்னும் படக்கதையைத் தழுவிய இவ்வாட்டத்தில் நான்கு நாயகர்களுள் ஒருவர் முஸ்தபா கெய்ரோ. இந்தியா முழுவதிலும் ஆட்டமே முஸ்தபா என்ற பெயரால் அறியப்பட்டது. 1996இல் வெளியான காதல் தேசம் திரைப்படத்தால் அப்பெயர் தமிழ் இளைஞர்க்கு நாவில் பழகியது. படைத்த நாட்டில் பத்தோடு பதினொன்றாகக் கருதப்பட்ட ஓர் ஆட்டம் இங்கு ஒரு தலைமுறையின் பொது நினைவாக ஆனது குறிப்பிடத்தக்கது. எசு.என்.கே. நிறுவனத்தின் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரிசையும், 1996இல் தொடங்கிய மெட்டல் ஸ்லக் வரிசையும் இதற்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்கவை.

கட்டண முறையே கடையின் ஒழுங்கையும் பகையையும் தீர்மானித்தது. ஒரு காசுக்கு ஓர் ஆட்டம் என்பதால் திறமை மிக்க சிறுவன் ஒரே வில்லையில் நெடுநேரம் ஆடுவான். கடைக்காரருக்கு இழப்பு, சூழ்ந்து நிற்போருக்கு விருந்து. காசில்லாதவரும் பார்வையாளராக நின்று ஆட்டம் கற்றனர். மறுபுறம், பள்ளி நேரத்தில் மாணவர் இங்குக் காணப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. இக்கடைகளின் மீது பெற்றோர் கொண்ட வெறுப்பிற்கு அதுவே முதற் காரணம். சில இடங்களில் இப்பெட்டிகளுடன் பணயம் வைத்து ஆடும் பொறிகளும் வைக்கப்பட்டதால் காவல்துறையின் கண்காணிப்பும் சேர்ந்தது.

பொறியின் அமைப்பு

ஓர் ஆட்டப் பொறி பெட்டி, திரை, பிடிகோலும் பொத்தான்களும் கொண்ட இயக்குத்தட்டு, மின்வழங்கி, காசு வாங்கி, மின்சுற்றுப் பலகை ஆகிய உறுப்புகளைக் கொண்டது. 1985இல் ஜப்பானியத் தொழிற்சங்கம் ஒன்று வகுத்த ஜம்மா என்னும் இணைப்புத் தரம் 56 முனைகளைக் கொண்டது. இத்தரத்தைப் பின்பற்றும் எந்தப் பலகையையும் அதே பெட்டியில் செருகலாம். ஆகவே புதிய ஆட்டத்திற்காகப் புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. சிறு முதலீட்டில் நடந்த தமிழ்நாட்டுக் கடைகள் நிலைத்ததற்கு இத்தரமே அடிப்படை எனலாம்.

பழைய பொறிகளில் திரை எதிர்மின் கதிர்க் குழாயால் ஆனது. துப்பாக்கி ஆட்டங்களுக்கு இது இன்றியமையாதது. ஆடுபவர் விசையை அழுத்தும் கணத்தில் துப்பாக்கியிலுள்ள ஒளியுணரி, திரையில் வரிவரியாக ஓடும் கதிர் தன் முன்னே கடக்கும் நேரத்தைக் குறித்துக் கொள்கிறது. அந்த நேரத்தைக் கொண்டு குறி வைத்த இடம் கணக்கிடப்படுகிறது. தட்டைத் திரையில் அவ்வாறு ஓடும் கதிர் இல்லாததால் பழைய துப்பாக்கி அதில் வேலை செய்யாது. இவ்வகைக் குழாய்களின் உற்பத்தி உலகெங்கும் ஏறக்குறைய நின்றுவிட்டது. பழுதான திரைக்கு மாற்றாக மற்றொரு பழைய திரையையே தேட வேண்டியுள்ளது.

பலகைகளுக்கும் ஆயுள் உண்டு. 1993இல் அறிமுகமான காப்காமின் சிபிஎஸ்-2 பலகையில் ஆட்டத்தைத் திறக்கும் மறைக்குறி ஒரு சிறு மின்கலத்தின் துணையால் நினைவகத்தில் காக்கப்பட்டது. படியெடுப்பதைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. மின்கலம் தீர்ந்தால் மறைக்குறி அழியும். பலகை வெறும் தகடாகும். ஆர்வலர்கள் பல ஆண்டு முயன்று அம்மறைக்குறியை மீண்டும் எழுதும் வழியைக் கண்டனர். உரிமையாளரின் பொறியை அதன் உற்பத்தியாளரே காலக்கெடு வைத்து விற்றது போன்ற இச்செயல், வாங்கியவர் நோக்கில் நியாயமற்றது என்றே கொள்ள வேண்டும்.

மறைவுக்கான காரணங்கள்

வீட்டுக் கருவிகள் வளர்ந்ததே மறைவுக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. தமிழ்நாட்டில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்ற தொலைக்காட்சி ஆட்டக் கருவிகள் 1990களிலேயே வீடுகளை அடைந்தன. எனினும் கடைகள் உடனே மூடப்படவில்லை. வீட்டுக் கருவியின் படமும் வேகமும் கடைப் பொறியை விடத் தாழ்ந்திருந்தமையே காரணம். பிளேஸ்டேசன், அதன் பின் 2000இல் வந்த பிளேஸ்டேசன் 2 ஆகியவை அவ்வேறுபாட்டைத் துடைத்தன. கடைக்காரர்களுட் சிலர் பெட்டிகளை அகற்றித் தொலைக்காட்சியும் பிளேஸ்டேசனும் வைத்து மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினர். 2000களில் இணைய மையங்கள் கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடும் இடங்களாகவும் விளங்கின. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, மின்சாரத்தையே நம்பிய இச்சிறுதொழிலுக்கு மற்றோர் அடியாகும். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் நகர்பேசித் தரவு மலிந்தது. ஆட்டம் ஒவ்வொருவர் சட்டைப்பைக்கும் சென்றது.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் காரணம் காசு. ஜப்பானில் ஓர் ஆட்டத்திற்கு 100 யென் நாணயம் ஒன்று என்பது பல பத்தாண்டுகளாக மாறா விலை. நுகர்வு வரியோ 1989இல் 3 விழுக்காடாகத் தொடங்கி, 1997இல் 5, 2014இல் 8, 2019இல் 10 என உயர்ந்தது. கடையில் விற்கும் பொருளின் விலையை மூன்று யென், ஐந்து யென் என உயர்த்தலாம்; காசுத் துளையில் விழும் ஒற்றை நாணயத்தின் மதிப்பை அவ்வாறு உயர்த்த இயலாது. வரி முழுவதையும் கூடம் நடத்துபவரே சுமந்தார். 1980களின் நடுவில் ஜப்பானில் சுமார் 26,000 ஆக இருந்த கூடங்கள் 2019 அளவில் சுமார் 4,000 ஆகச் சுருங்கின. சேகா நிறுவனம் 2020 இறுதியில் தன் கூடங்களின் பெரும்பங்கை ஜெண்டா நிறுவனத்திற்கு விற்று, 2022இல் முற்றாக வெளியேறியது. கூடங்கள் கிகோ என்ற பெயருக்கு மாறின.

இந்தியாவில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. இங்கு நாணயத்தின் உருவமே மாறிக் கொண்டிருந்தது. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் விட்டமும் 4.85 கிராம் எடையும் உடையது. 2011இல் வந்த புதிய நாணயம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டமும் 3.79 கிராம் எடையும் உடையது. அளவையும் எடையையும் கொண்டு காசை அறியும் பொறிக்கு இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். 10 ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்ததும், அனைத்து வடிவங்களும் செல்லும் என 2018இல் ரிசர்வ் வங்கி விளக்கியதும் நினைவுகூரத்தக்கன. இதனாலேயே இந்தியக் கூடங்கள் தொடக்கம் முதல் தம் சொந்த வில்லைகளையும், பின்னர் உரசு அட்டைகளையும் நாடின. 2016இல் தொடங்கிய யூபிஐ பணப்பரிமாற்றம் இச்சிக்கலை ஏறக்குறைய நீக்கியுள்ளது. பத்து ரூபாயாயினும் பன்னிரண்டு ரூபாயாயினும் பெட்டியில் ஒட்டிய குறியீட்டை நகர்பேசியால் படித்துச் செலுத்தலாம். நாணயப் பொறியைக் கொன்றதாகக் கருதப்படும் நகர்பேசியே அதன் காசுத் துளையாகவும் ஆகக்கூடும் என்பது இதிலுள்ள வியப்பு.

பிற நாடுகளில் மீளெழுச்சி

மீண்டெழுந்த கூடங்கள் பழைய முறையில் நடக்கவில்லை. இல்லினாயி மாநிலத்தின் புரூக்பீல்டில் 2010இல் தொடங்கிய கேலோப்பிங் கோஸ்ட் ஆர்கேடு, நுழைவுக் கட்டணம் ஒன்றை வாங்கிக் கொண்டு நூற்றுக்கணக்கான பொறிகளில் நாள் முழுதும் ஆட விடுகிறது. புரூக்ளினில் 2004இல் தொடங்கிய பார்கேடு, மதுக்கூட வருவாயால் பழைய பொறிகளைத் தாங்குகிறது. தோக்கியோவின் மிக்காடோ கூடம் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வாடிக்கையாளர்களிடம் இணையம் வழி நிதி திரட்டித் தப்பியது. இம்மூன்றிலும் ஆட்டத்திற்குக் காசு என்ற பழைய வருவாய் மட்டும் போதவில்லை என்பது தெளிவு.

நம் நோக்கில் மிகவும் கவனிக்கத்தக்கது நியூ ஹாம்சயர் மாநிலத்தின் லகோனியாவிலுள்ள ஃபன்ஸ்பாட். 1952இல் தொடங்கிய இது ஓர் ஏரிக்கரைக் கோடை வாழிடத்தில் அமைந்தது. பெருநகரம் அருகில் இல்லை. விடுமுறைக்கு வரும் குடும்பங்களே இதன் வாடிக்கையாளர். பழைய பொறிகளைக் காக்கும் அருங்காட்சியகமும் இதனுள் உண்டு. நீரைத் தேடி வரும் மக்கள் கூட்டம், சில மாதப் பருவம், நீரில் இறங்க முடியாத நேரத்தில் பொழுதுபோக்கத் தேவை ஆகியவை குற்றாலத்தை நினைவூட்டுவன.

பரிசுப் பொறிகளும் சட்டமும்

சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் வணிக வளாகங்களில் ஆட்டக்கூடங்கள் இன்று இல்லாமல் இல்லை. ஆயின் அங்குள்ளவை பெரும்பாலும் பந்தெறிதல், காற்று மேசை ஆக்கி, ஓட்டுநர் இருக்கை ஆட்டம், பரிசுச் சீட்டு உமிழும் பொறி, பொம்மை பிடிக்கும் கொக்கிப் பொறி ஆகியன. இதற்கான காரணத்தை எளிய கணக்கால் உணரலாம். பத்து ரூபாய்க்கு நான்கு நிமிடம் நீளும் சண்டை ஆட்டம், இடைவிடாது ஆடப்பட்டாலும், மணிக்குப் பதினைந்து முறை ஓடி 150 ரூபாய் தரும். அரை நிமிடத்தில் முடியும் கொக்கிப் பொறி அதே கட்டணத்தில் 120 முறை ஓடி 1,200 ரூபாய் தரும். பொம்மையின் விலையைக் கழித்தாலும் வேறுபாடு பெரிது. ஜப்பானியக் கூடங்களின் வருவாயில் பாதிக்கு மேல் இன்று பரிசுப் பொறிகளிலிருந்தே வருகிறது. ஆட்டக்கூடம் மீண்டு வருகிறது என்ற கூற்றைக் கேட்கும்போது, மீள்வது ஆட்டமா கொக்கியா என்று வினவ வேண்டும்.

கொக்கிப் பொறிகள் பலவற்றில் பிடியின் வலிமையை நடத்துநர் மாற்றியமைக்கலாம். இத்தனை முறைக்கு ஒருமுறை மட்டும் இறுகப் பிடிக்குமாறும் அமைக்கலாம். அப்போது அது திறனா, நற்பேறா? எம். ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், நிகழ்பட ஆட்டக் கடைகளை உரிமம் வழி ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. பொறியில் மாற்றங்கள் செய்து திறனுக்கு இடமில்லாமல் ஆக்கக்கூடும் என்பது நீதிமன்றம் கருதிய காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நெடுங்காலமாக உள்ளது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் கடனும் தற்கொலைகளும் நேர்ந்த பின்னணியில் 2022இல் இணையச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி ஆட்ட ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகத்தில் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

இச்சூழலில் பழைய ஆட்டக்கூடத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. கையில் உள்ள காசு தீர்ந்தால் ஆட்டமும் தீரும். இழப்பிற்கு எல்லை உண்டு, கடன் இல்லை, ஆடுபவரைச் சுற்றிக் கண்கள் உண்டு. ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கெடுக்கும் இடம் எனப் பழிக்கப்பட்ட கடை, நகர்பேசியுடன் ஒப்பிடுகையில் தீங்கு குறைந்ததாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

செங்கோட்டை - குற்றாலம் வட்டாரம்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்த எல்லை நகராகும். 2011 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை சுமார் 27,000. அருகிலுள்ள தென்காசியின் மக்கள்தொகை சுமார் 70,000. இவ்விரு நகரங்களும் குற்றாலமும் 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ளன. உள்ளூர் மக்கள்தொகையை மட்டும் நம்பிப் பெரிய ஆட்டக்கூடம் நடத்த இவ்வெண்கள் போதா. ஆனால் சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் பருவத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களுக்குத் தென் தமிழ்நாடு, கேரளம் முழுவதிலிருந்தும் மக்கள் குடும்பத்துடன் வருகின்றனர்.

வெள்ளப்பெருக்கின்போது அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்படும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்த பின் இத்தடைகள் மேலும் கண்டிப்பாயின. தொலைவிலிருந்து வந்து குளிக்க இயலாமல் விடுதியிலும் வண்டியிலும் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் செலவிட ஓர் இடம் தேவைப்படுகிறது. ஆட்டக்கூடத்திற்கான உண்மையான தேவை இங்கு உள்ளது.

தடைகளும் உள்ளன. பருவம் ஏறத்தாழ மூன்று மாதமே. மேற்கூறிய சண்டை ஆட்டப் பெட்டி ஒன்று நாளுக்கு இரண்டு மணி நேரம் முழுமையாக ஆடப்படுவதாகக் கொண்டால் 90 நாளில் 27,000 ரூபாய் ஈட்டும். வாடகை, மின்சாரம், ஆள் கூலி, பழுது ஆகியவற்றையும் ஆண்டின் எஞ்சிய ஒன்பது மாதங்களையும் இதைக் கொண்டே தாங்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை சபரிமலைப் பயணிகள் இவ்வழியே பெருந்திரளாகச் செல்கின்றனர்; குற்றாலத்தில் நீராடவும் செய்கின்றனர். விரதத்தில் உள்ள அவர்களை வாடிக்கையாளராக எண்ணுவது பொருந்தாது. சாரலின் ஈரப்பதம் பழைய மின்சுற்றுப் பலகைகளின் இணைப்பு முனைகளை அரிப்பதும் கருதத்தக்கது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய தீர்வு உண்டு. இராட்டினம் நடத்துவோர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி, மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி என ஊர் ஊராகச் செல்வர். ஆட்டப் பெட்டிகளும் அவ்வாறு ஆண்டின் தொடக்கத்தில் சென்னையிலும், சித்திரையில் மதுரையிலும், ஆனி, ஆடியில் குற்றாலத்திலும் நிற்கக்கூடும். எடை மிகுந்த, அதிர்வு தாங்காத பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகள் இத்தகைய பயணத்திற்கு உகந்தவை அல்ல. தட்டைத் திரையும் சிறு கணினியும் கொண்ட புதிய பெட்டிகள் உகந்தவை. பழைய பொறிகளைத் தேடும் ஆர்வலர் இதை ஏற்கமாட்டார். குற்றாலத்தில் சாரல் விடக் காத்திருக்கும் சிறுமிக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று.

பாதுகாப்பு

2024 மே 25 அன்று குசராத்தின் ராச்கோட்டு நகரில் ஆட்டக்கூடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் சிறுவர் உட்பட 27 பேர் இறந்தனர். அது தகரக் கொட்டகை போன்ற தற்காலிகக் கட்டமைப்பு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று அதற்கு இல்லை. உள்ளே எரிபொருள் சேமிக்கப்பட்டிருந்த நிலையில் பற்றவைப்பு வேலையின் பொறியிலிருந்து தீ பரவியதாகக் கண்டறியப்பட்டது. பருவகாலத்திற்கென எழுப்பப்படும் கொட்டகைகளுக்கு இந்நிகழ்வு நேரடியாகப் பொருந்தும். பழைய பொறிகளின் மின்வழங்கிகள் வெப்பம் மிகுந்தவை. மேலும் ஜப்பானியப் பொறிகள் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கப் பொறிகள் 120 வோல்ட்டுக்கும் அமைந்தவை. நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அவற்றை இயக்கத் தகுந்த மின்மாற்றி தேவை. மலிவான மாற்றியும் ஓலைக் கூரையும் ஓரிடத்தில் சேரக் கூடாதவை. இரு வெளியேறு வழிகள், தீயணைப்புக் கருவிகள், முறையான மின்கம்பிப் பதிப்பு ஆகியவற்றின் செலவையும் முதலீட்டின் பகுதியாகவே கணக்கிட வேண்டும்.

உரிமமும் ஆவணப்படுத்தலும்

நிக்கோலா சல்மோரியா 1997 பெப்ரவரியில் வெளியிட்ட மாமே என்னும் மென்பொருள், பழைய ஆட்டப் பலகைகளின் செயலைக் கணினியில் போலச் செய்கிறது. சிதைந்து போயிருக்கக் கூடிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இதனால் ஆவணமாகியுள்ளன. மென்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. ஆனால் அதில் ஏற்றப்படும் ஆட்டத்தின் நிரல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் கீழ் இலக்கியப் படைப்பாகக் கருதிப் பாதுகாக்கப்படுகிறது. சந்தையில் விற்கும் பல நூறு ஆட்டங்கள் அடங்கிய ஒற்றைப் பலகைகளுள் பெரும்பாலானவை உரிமம் பெறாதவை. அவற்றை வைத்துக் கட்டணம் வாங்குபவர் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகலாம்.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பும் ஆட்டமே இதில் மிகக் கடினமான நிலையில் உள்ளது. காடிலாக்ஸ் அண்ட் டைனசோர்ஸ் ஆட்டத்தின் நிரல் காப்காமுக்கு உரியது. கதைமாந்தர் ஒரு படக்கதையைச் சார்ந்தவர். தலைப்பிலுள்ள சொல்லோ ஒரு மகிழுந்து நிறுவனத்தின் வணிகப் பெயர். பல உரிமையாளர்களின் இசைவு தேவைப்படும் இவ்வாட்டம் எந்த வீட்டுக் கருவிக்கும் முறைப்படி வெளியிடப்படவில்லை. எனவே முஸ்தபாவை உரிமத்துடன் ஆட விரும்புபவர்க்கு 1993ஆம் ஆண்டின் அசல் பலகையைத் தேடிப் பிடிப்பதே வழியாக உள்ளது.